ஆகஸ்ட் 16 ஏன் விடுமுறை?

ஆகஸ்ட் 15 அன்று நாகூர்ப் பிள்ளைகளும் வாஞ்சூர்ப் பிள்ளைகளும் ஒன்றுபோலத்தான் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். வித்தியாசம் மறுநாள் காலையில் தெரியும். நாகூர்ப் பிள்ளை புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், காரைக்கால் எல்லைக்குள் இருக்கும் வாஞ்சூர்ப் பிள்ளைக்கு அன்றைக்கும் லீவு. நவம்பர் 1-ஆம் தேதியும் அப்படித்தான். "நமக்கு மட்டும் ஏன் இத்தனை சுதந்திர தினம்?" என்று பிள்ளை கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். 'பிரெஞ்சுக்காரன் போன நாள்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பதில் வரும். எந்த நாளில் போனான், எப்படிப் போனான், போன பிறகும் எட்டு வருடம் ஏன் இழுத்தது என்று அடுத்த கேள்வி வந்தால் அந்தப் பதிலும் தாங்காது.

அந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்தால், அரசமைப்புச் சட்டத்தைத் திறக்காமல் முடியாது. காரைக்கால் ஆசிரியருக்கு வாய்த்த வசதி இது. வேறு ஊர்களில் அரசமைப்பு என்பது டெல்லியில் யாரோ எழுதிய தடித்த புத்தகம். காரைக்காலிலோ அது வந்து சேர்ந்த தேதி பள்ளிக்கூட நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது.

1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானபோது காரைக்கால் அதில் இல்லை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். அரசு அலுவலகத்தின் மேல் அன்று பறந்ததும் மூவண்ணக் கொடிதான். நீலம், வெள்ளை, சிவப்பு. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழூரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நகரசபை உறுப்பினர்களும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுமாக 178 பேர் அதில் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணையலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கையொப்பமிட்ட ஒப்பந்தம் 1956 மே மாதம்தான் வந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்து, பத்திரங்கள் கைமாறிய நாள் 1962 ஆகஸ்ட் 16. அந்த ஆண்டின் 14-ஆவது திருத்தம் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்ற நான்கு பெயர்களை அரசமைப்பின் முதல் அட்டவணையில் ஏற்றியது. தன் ஊர்ப் பெயரை அரசமைப்புச் சட்டத்தில் விரல் வைத்துக் காட்டும் வாய்ப்பு திருவாரூர்ப் பிள்ளைக்கோ மன்னார்குடிப் பிள்ளைக்கோ கிடையாது.

இடையில் கழிந்த எட்டு ஆண்டுகள் வகுப்பறைக்கு இன்னும் சுவையானவை. கொடி மாறிவிட்டது, போலீஸ் மாறிவிட்டது, கலெக்டர் ஆபீஸில் பேச்சு மாறிவிட்டது. ஆனால் சட்டப்படி இந்த ஊர் இந்தியாவா? பேருந்துத் தட உரிமம் தொடர்பான ஒரு புதுச்சேரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது இந்தக் கேள்வி நேராக எழுந்தது. நீதிமன்றம் மத்திய அரசையே கேட்டது. புதுச்சேரி இன்னும் இந்தியாவின் ஆட்சிப்பரப்பில் சேரவில்லை என்று அரசு பதில் எழுதியது. 1961 டிசம்பரில் நீதிமன்றம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டது. கொடி பறப்பதும் அரசமைப்பு நடைமுறையில் இருப்பதும் வேறு வேறு என்பதை ஒரு பஸ் பர்மிட் காட்டிக்கொடுத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அரசமைப்பு ஏன் வேண்டும்' என்று விளக்க இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது.

பள்ளிகளில் இப்போது நடப்பது என்ன? 2015 முதல் நவம்பர் 26 அரசமைப்பு நாள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவர் முகப்புரையை வாசிக்க, பிள்ளைகள் வரிசையில் நின்று பின்தொடர்ந்து சொல்கிறார்கள். இறையாண்மை, சமதர்மம், சமயச்சார்பின்மை என்று வார்த்தைகள் வெயிலில் உருண்டோடுகின்றன. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு கணக்கு வகுப்பு. 2024-இல் சில வகுப்புகளின் புதிய என்சிஇஆர்டி புத்தகங்களில் முகப்புரை இல்லை என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. முகப்புரை அட்டையில் இருந்ததா, உள்ளே இருந்ததா என்று நாடே வாதாடியது. அதைப் படித்த பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

காரைக்காலில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைத்தான் வைத்திருந்தன. சில ஆண்டுகளாகப் படிப்படியாக சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. கோட்டுச்சேரியிலோ நிரவியிலோ வீட்டில் தமிழும் பள்ளியில் அரைகுறை ஆங்கிலமுமாக வளரும் பிள்ளை, தன் உரிமைகளை முதன்முதலாகச் சந்திப்பது இப்போது ஆங்கிலத்தில். அரசமைப்புக்குத் தமிழாக்கம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தையாவது ஆங்கிலப் பாடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க எந்தப் பாடத்திட்டமும் தடை போடவில்லை.

புத்தகம் பெரிது என்ற புகார் புதிதல்ல. அரசியல் நிர்ணய சபையிலேயே அது எழுந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்து தேர்வான அம்மு சுவாமிநாதன், கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய புத்தகமாக அரசமைப்பு இருக்கும் என்று தான் எண்ணியிருந்ததாக 1949 நவம்பரில் பேசினார். வந்ததோ 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட பெரும் நூல். ஆனால் பிள்ளைகளைத் தொடும் பிரிவுகளை மட்டும் எடுத்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் 21ஏ, 2002-இல் 86-ஆவது திருத்தத்தின் மூலம் வந்தது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது 24. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எதிலும் சாதியையோ மதத்தையோ சொல்லி யாரையும் தடுக்க முடியாது என்கிறது 15-இன் இரண்டாம் உட்பிரிவு. பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை என்று சொல்ல 51ஏ இருக்கிறது. பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை ஓர் ஆசிரியர் வாசிக்க முடியாது என்பது இதன் கூடுதல் பயன்.

சமத்துவம் என்ற சொல்லைக் காரைக்காலில் கற்பிப்பது இன்னும் எளிது. ஊரின் பழைய வாக்காளர் பட்டியலே பாடம் நடத்தும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பதுதான் பிரெஞ்சுக் குடியரசின் முழக்கம். அதே குடியரசு 1884-இல் இங்கே வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தது. ஐரோப்பியர்களுக்கு ஒன்று; தங்கள் மரபுச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட இந்தியர்களுக்கு ஒன்று; மீதிப் பேருக்கு ஒன்று. விரல் விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர்களின் பட்டியலுக்கும், ஊர் முழுக்க இருந்தவர்களின் பட்டியலுக்கும் சபையில் தனித்தனிப் பங்கு. இந்த ஏற்பாடு பலவாறு உருமாறி, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் ஒழிந்தது. இந்திய அரசமைப்பின் 325-ஆவது பிரிவை இதற்குப் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரு தொகுதிக்கு ஒரே வாக்காளர் பட்டியல். மதம், இனம், சாதி, பால் காரணமாக யாரும் அதிலிருந்து விலக்கப்பட மாட்டார்கள். வறண்ட சட்ட வாக்கியம்தான். பக்கத்தில் அந்த மூன்று பட்டியல் இருந்தால் அதன் அருமை பிள்ளைக்கு விளங்கும்.

இங்கே ஒரு தேதிப் பொருத்தமும் இருக்கிறது. 1954 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியில் பேசிய அம்பேத்கர், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார். அதற்கு 15 நாள் கழித்துத்தான் கீழூரில் வாக்கெடுப்பு. அந்த மாதத்தில் காரைக்கால் மக்கள் விட்டுப் பிரிந்த அரசும் சேர்ந்த அரசும் ஒரே மூன்று சொற்களைச் சொல்லின. எந்த அரசு எந்த அளவுக்குச் சொன்னபடி நடந்தது என்று ஒன்பதாம் வகுப்பில் இரு அணியாகப் பிரித்துப் பட்டிமன்றம் வைக்கலாம். நடுவர் தீர்ப்பு எப்படி வந்தாலும் நல்லதே.

காரைக்காலில் இது பழங்கதையாகவும் போய்விடவில்லை. தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ 'சொல்தா'வாகப் பிரெஞ்சுப் படையில் இருந்த வீடுகள் இன்றும் உண்டு. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் பிரான்ஸின் அதிபர் தேர்தலில் இங்கிருந்தபடியே வாக்களிக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு பிள்ளை 18 வயதில் திருநள்ளாறு தொகுதிக்கு ஓட்டுப் போடும். அடுத்த வீட்டுப் பிள்ளை பிரான்ஸுக்கு ஓட்டுப் போடும். குடியுரிமை என்றால் என்ன என்ற பாடத்துக்கு ஆசிரியர் வேறு எங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்த எட்டு பேரைப் பற்றியும் பேச வேண்டும். கீழூர் என்றதும் 170 என்ற எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வேண்டாம் என்று போட்ட 8 வாக்குகளையும் எண்ணி, எழுதி, அறிவித்தார்கள் என்பதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் நிற்பவரையும் கணக்கில் எடுப்பதற்குப் பழகுவது பள்ளிப் பருவத்தில்தான் சுலபம். கேரளத்தில் 1985-இல் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசிய கீதத்தின்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள்; ஆனால் தங்கள் மத நம்பிக்கையின்படி பாடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986-இல் எழுதிய தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. வகுப்பில் இந்த வழக்கைச் சொன்னால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். 'நின்னா போதாதா?' என்று ஒரு பக்கம். 'எல்லாரும் பாடும்போது இவங்க மட்டும் என்ன?' என்று மறுபக்கம். பேசும் உரிமை என்றால் பேசாமல் இருக்கும் உரிமையும் அதில் அடக்கமா என்ற கேள்விக்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? அரசியல் புகுந்துவிடாதா?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான பயம்தான். ஆனால் மூடி மறைப்பதால் அரசியல் நின்றுவிடுவதில்லை. 1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காப்பாற்றும் பகுதிகள் என்று சொல்லி அரசமைப்பின் பக்கங்களைப் பெரியாரின் தொண்டர்கள் தமிழ்நாடெங்கும் கொளுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அரசமைப்பு நாளாக இன்று கொண்டாடும் அதே நவம்பர் 26 அது. இந்தச் செய்தியைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் மறைத்தால், இரண்டு வருடம் கழித்து யாரோ கைப்பேசியில் அனுப்பும் துண்டுக் காணொளியில் பாதி மட்டும் தெரிந்துகொள்ளும். முழுதாகச் சொல்லிவிட்டு, தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆவது பிரிவு சாதியை ஒழித்தேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அது பாடம். எழுதியவர்களே திருத்திக்கொள்ள வழி வைத்த புத்தகம் அது. நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் ஆகியிருக்கின்றன. அவற்றில் 14-ஆவது காரைக்காலுக்காக வந்தது.

முடியுமா என்று கேட்பவர்கள் கொல்லத்தைப் பார்க்கலாம். கேரளத்தின் கொல்லம் மாவட்ட ஊராட்சி 'தி சிட்டிசன்' என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தியது. பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அரசமைப்பின் அடிப்படைகளைச் சொல்லித்தருவது அதன் இலக்கு. பயிற்சி பெற்ற சுமார் இரண்டாயிரம் பேர் 'செனட்டர்' என்ற பெயரோடு வீடு, பள்ளி, அலுவலகம், தொழிற்கூடம் என்று ஏறி இறங்கினார்கள். 2023 ஜனவரியில், அரசமைப்பு எழுத்தறிவு பெற்ற நாட்டின் முதல் மாவட்டம் என்று முதல்வர் பினராயி விஜயன் அதை அறிவித்தார். அறிவிப்பில் கொஞ்சம் ஆர்வமிகுதி இருக்கலாம். ஆனாலும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாவட்டமே துணிந்த வேலை இது. காரைக்கால் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்குப்படி இரண்டு லட்சம். சைக்கிளிலேயே சுற்றிவிடக்கூடிய மாவட்டம்.

கொல்லத்தில் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தது உள்ளாட்சி. காரைக்காலில் இடறுவதும் அங்கேதான்.

1880-ஆம் ஆண்டு ஆணையின் மூலம் பிரெஞ்சு அரசு இங்கே கொம்யூன் என்ற உள்ளாட்சி அமைப்புகளை ஏற்படுத்தியது. முதலில் காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. பின்னால் கோட்டுச்சேரி, திருநள்ளாறு, நிரவியும் சேர்ந்தன. மூன்று பட்டியல் அநியாயமும் தேர்தல் தில்லுமுல்லுகளும் நிறைந்த காலம்தான். ஆனாலும் நகரசபைக்குத் தேர்தல் நடந்தது, மேயர் இருந்தார். கீழூரில் இந்தியாவுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் நகரசபைகளின் உறுப்பினர்கள். அதாவது காரைக்காலை இந்தியாவில் சேர்த்தது அதன் உள்ளாட்சி. இன்று அதே ஆறும் காரைக்கால் நகராட்சியாகவும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் இருக்கின்றன. பெயர்ப்பலகையும் அலுவலகமும் வரி ரசீதும் உண்டு. இணைப்புக்குப் பிறகு புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968-இல் ஒரு முறை. 38 ஆண்டுகள் கழித்து 2006-இல் ஒரு முறை. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் வழக்கில் சிக்கி நின்றுபோனது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்று 73, 74-ஆவது திருத்தங்கள் 1993 முதல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நிர்வாகத்தை ஆணையர்கள் நடத்துகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு வார்டுத் தேர்தலைப் பார்த்ததில்லை. மக்களவைத் தேர்தலில் வந்த சின்னம் தெரியும், சட்டமன்றத் தேர்தலில் வந்த சின்னம் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. பாடப்புத்தகம் உள்ளாட்சியை 'ஜனநாயகத்தின் நாற்றங்கால்' என்று வர்ணிக்கும். டெல்டாப் பிள்ளைக்கு நாற்றங்கால் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். அங்கே விதைக்காமல் வயலில் நட ஒன்றும் இருக்காது என்பதும் தெரியும்.

பெரியவர்களின் தேர்தல் நடக்கும் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. பிரான்ஸின் ஷில்திகைம் நகரம் 1979-இல், சர்வதேசக் குழந்தைகள் ஆண்டையொட்டி, பிள்ளைகளுக்கென்று ஒரு நகரசபையை ஏற்படுத்தியது. பிள்ளைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். விளையாட்டுத்திடல், சைக்கிள் பாதை என்று தங்களுக்குத் தெரிந்த விஷயங்களைப் பேசினார்கள். அந்த வழக்கம் பிறகு பிரான்ஸின் பல கொம்யூன்களுக்குப் பரவியது. இந்தியாவிலும் முன்மாதிரி இருக்கிறது. கர்நாடகத்தில் 'மக்கள கிராம சபை' என்ற பெயரில் பிள்ளைகளுக்கான கிராமசபைகள் நடக்கின்றன ('மக்களு' என்றால் கன்னடத்தில் பிள்ளைகள்). கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் இயக்கத்தின் பாலசபைகள் இருக்கின்றன. பிரெஞ்சுக் கொம்யூனின் பெயரையும் இந்திய அரசமைப்பையும் ஒருங்கே சுமக்கும் காரைக்காலில் ஆறு சிறுவர் சபைகள் தொடங்க அதிகப் பணம் ஆகாது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ரகசிய வாக்கில் இரண்டு பேர். பாதிப் பேர் பெண் பிள்ளைகள். மாதம் ஒரு கூட்டம். ஆணையர் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பட்டினச்சேரி மீனவப் பிள்ளை அங்கே என்ன கேட்கும், அம்பகரத்தூர் விவசாயி மகள் என்ன கேட்பாள் என்று முன்கூட்டியே யாரும் எழுதிக்கொடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

அதுவும் முடியாதென்றால், வரும் நவம்பர் 26 அன்று முகப்புரை வாசித்து முடித்த பின் ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கினாலும் போதும். பாட்டியிடம் 1954-இல் என்ன நடந்தது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லலாம். 1945-இல் பிறந்த பாட்டிக்குக் கொடி மாறியபோது 9 வயது. ஊர் சட்டப்படி இந்தியாவானபோது 17. பிறகு நோட்டில் நான்கு கட்டம் போடச் சொல்லலாம். உன் குடியரசுத் தலைவர் யார், உன் மக்களவை உறுப்பினர் யார், உன் சட்டமன்ற உறுப்பினர் யார், உன் வார்டு உறுப்பினர் யார். முதல் மூன்று கட்டத்தையும் நெடுங்காட்டுப் பிள்ளையும் நிரவிப் பிள்ளையும் நிரப்பிவிடும். நான்காவதில் எழுத ஒரு பெயர் இல்லை. ஏன் சார் இல்லை என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும்போது, ஆசிரியர் மேஜையில் அரசமைப்புச் சட்டம் ஒரு பிரதி இருந்தால் நல்லது.